95-வது பிணம்!

"தாத்தா, கோபப்படாம இதைக் காதுல வெச்சுக்கோங்க. நல்ல கொலைக் கதையா ஒண்ணு போட்டு விடறேன்" என்றாள் பேத்தி.

கோபப்படாதே என்று யாராவது சொன்னாலே எனக்குக் கோபம் வரும். வந்தது.

பின்னே என்ன சார்? ஐம்பது வருஷமாகப் புஸ்தகமும் கையுமாக இருந்தவன் நான். பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றபடி படித்திருக்கிறேன். சுண்டல் மடித்துக் கொடுத்த பேப்பரைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். அதில் பாதிக் கதைதான் இருக்கும். மீதியைத் தேடி இன்னொரு பொட்டலம் சுண்டல் வாங்கியதும் உண்டு.

அப்பேர்ப்பட்டவனுக்கு இரண்டு வருஷம் முன்னால் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. டாக்டர் 'மேகுலா' என்றார். ஏதோ வடநாட்டு ஸ்வீட் பெயர் மாதிரி இருந்தது. விஷயம் இனிப்பாக இல்லை. எதை நேருக்கு நேர் பார்க்கிறேனோ, அது மட்டும் தெரியாது. சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். எதிரே நிற்பவரின் முகம் மங்கல், காது பளிச்! கல்யாண வீடுகளில் பல பேரை நான் காதை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறேன்.

எழுத்து? வரியின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பூச்சி உட்கார்ந்திருக்கும். அடுத்த வார்த்தைக்குப் போனால் அதுவும் கூடவே வரும். விசுவாசமான பூச்சி.

பர்மிங்ஹாமில் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் தங்க வந்திருந்தோம், நானும் சகதர்மிணியும். அங்கேதான் இந்த ஒலிப்புத்தக உபதேசம். "காதால கேக்குறதெல்லாம் ஒரு படிப்பா? அது எழுதப் படிக்கத் தெரியாத எங்க பாட்டி காலத்தோட போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

மகன் லேசுப்பட்டவன் இல்லை. "சரிப்பா, கேக்க வேணாம். ஊரைப் பாத்துட்டு வாங்க. அந்தக் கதை நடக்கிற ஊர் இங்கேருந்து ரயில்ல ஒரு மணி நேரம்தான். அங்கே தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேலான துறவி மடம் ஒண்ணு இருக்கு" என்றான்.

ஊர் பார்ப்பது என்றால் எனக்கு வெல்லம். ரயிலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே என்று அந்தக் குமிழ்களையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். யாருக்காகவும் இல்லை. சும்மா.

* * *

ஊரின் பெயரிலேயே முதல் தகராறு. மகன் 'ஷ்ரூஸ்பரி' என்றான். டிக்கெட் கொடுத்த அம்மாள் 'ஷ்ரோஸ்பரி' என்று திருத்தினார். ரயிலில் எதிரே உட்கார்ந்த பெரியவர், "நான் அங்கேயே பிறந்தவன், ஷ்ரூஸ்பரிதான்" என்று அடித்துச் சொன்னார். அவர் மனைவியும் அங்கேயே பிறந்தவராம். அவர் சொன்னது 'ஷ்ரோஸ்பரி'! அந்தக் குடும்பத்தில் குழப்பம் உண்டுபண்ண விரும்பாமல் நான் காதில் குமிழ்களைச் செருகிக்கொண்டேன்.

கதை ஆரம்பித்தது.

எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய நாவல் அது. எல்லிஸ் பீட்டர்ஸ் என்பது புனைபெயர். நிஜப் பெயர் எடித் பார்ஜெட்டர் (1913-1995). இதே ஷ்ராப்ஷயர் ஜில்லாக்காரர். எல்லிஸ் என்பது அவருடைய சகோதரரின் பெயர். இளவயதில் மருந்துக் கடையில் உதவியாளராக இருந்தவர். அந்த மருந்து வாசனைதான் பின்னாளில் கதைக்குள் புகுந்திருக்க வேண்டும். காரணம், அவருடைய துப்பறியும் நிபுணர் ஒரு மூலிகைத் தோட்டக்காரர்!

பிரதர் காட்ஃபெல் என்று பெயர். வேல்ஸ் நாட்டுக்காரர். இளவயதில் சிலுவைப் போருக்குப் போய்ச் சண்டை போட்டு, கப்பலோட்டி, ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டு, நாற்பது வயசைத் தாண்டி மடத்தில் சேர்ந்தவர். செடி நட்டு, கஷாயம் காய்ச்சி, இருமலுக்கும் மூட்டு வலிக்கும் மருந்து கொடுப்பார். நடுநடுவே யாராவது கொலையாகிவிடுவார்கள். கண்டுபிடிப்பார். 1977-ல் ஆரம்பித்து 1994 வரை இவரை வைத்து இருபது நாவல்கள். முதல் நாவல் வந்தபோது அம்மையாருக்கு அறுபது வயசுக்கு மேல். ரிடையரான பிறகு என்ன செய்வது என்று ஈசிசேரில் புலம்பும் என் போன்றவர்கள் கவனிக்க.

நான் கேட்டது இரண்டாவது நாவல், 1979-ல் வந்தது. 1138-ல் நடக்கும் கதை. வாசிப்பவரின் குரல் நன்றாகக் காய்ச்சிய பால் மாதிரி இருந்தது. அவசரமே இல்லை. அரசனுக்கு ஒரு குரல், தோட்டத்துப் பையனுக்கு ஒரு குரல். வெளியே வுல்வர்ஹாம்ப்டன் போனது, டெல்ஃபோர்ட் போனது. வெல்லிங்டன் பக்கத்தில் ரீக்கின் என்ற மலை மழையில் நனைந்துகொண்டிருந்ததாக அவள்தான் சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

"என்னங்க, அப்படி என்ன கதை?" என்று தோளைத் தட்டினாள்.

"ஒரு சாமியார். ஒரு கொலை. அவ்வளவுதான்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தாள். இதைப் பிறகு சொல்கிறேன்.

* * *

கதை இதுதான். ஸ்டீபன் என்ற அரசனுக்கும் மாட் என்ற பெரியப்பா மகளுக்கும் சிம்மாசனச் சண்டை... இல்லை, தப்பு. மாமன் மகள். ஸ்டீபனுடைய அம்மாவின் தம்பிதான் மாடின் அப்பா. சம்பந்தி சண்டையையே நினைவில் வைத்துக்கொள்ள முடியாத எனக்கு இதுவே அதிகம். மாட் பக்கம் சாய்ந்த ஷ்ரூஸ்பரி கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டுப் பிடிக்கிறான். பிடித்த கோபத்தில், கோட்டைக்குள் இருந்த 94 பேரையும் தூக்கிலிடச் சொல்கிறான்.

இது கட்டுக்கதை இல்லை. ஸ்டீபன் 1138-ல் அந்தக் கோட்டையைப் பிடித்ததும், ஏறக்குறைய அத்தனை பேரைத் தூக்கிலிட்டதும் சரித்திரம். ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

அம்மையாரின் கற்பனை இனிமேல்தான். செத்தவர்கள் துரோகிகளாகவே இருக்கட்டும், அனாதையாகக் கிடக்கக் கூடாது என்று மடாதிபதி அரசனிடம் அனுமதி கேட்கிறார். காட்ஃபெல் போகிறார். உடல்களை ஒவ்வொன்றாகக் கிடத்தி, துடைத்து, கண்களை மூடி, வரிசையாக வைக்கிறார். வைத்துவிட்டு எண்ணுகிறார்.

எண்ணுகிறார்... எண்ணுகிறார்...

"ஏங்க! ஊர் வந்துடுச்சு! எல்லாரும் இறங்கியாச்சு!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள் சகதர்மிணி. பையும் குடையுமாகப் பிளாட்பாரத்தில் இறங்கினேன். காதில் குமிழ் அப்படியே.

தொண்ணூற்றைந்து!

அங்கேயே நின்றுவிட்டேன். 94 பேரைத்தான் தூக்கிலிட்டார்கள். 95 உடல் இருக்கிறது. ஒன்று கூடுதல்! அந்த ஒருவன் கழுத்தில் தூக்குக் கயிற்றின் தடம் இல்லை. மெல்லிய கயிற்றால் பின்னாலிருந்து இறுக்கிய தடம். எவனோ ஒருவன் கொலை செய்துவிட்டு, இத்தனை பிணத்தில் ஒன்று அதிகமானால் யார் எண்ணப் போகிறார்கள் என்று கொண்டுவந்து போட்டிருக்கிறான். இலையை மறைக்கக் காடு. பிணத்தை மறைக்கப் பிணக் குவியல்!

அதிகாரிக்கு இது ஒரு தொல்லை. தொண்ணூற்று நாலு போனதில் இன்னொன்று, விடுங்களேன் என்கிற ரகம். காட்ஃபெல் விடுவதாக இல்லை. அந்த 94 சாவுக்கு அரசன் பொறுப்பு. இந்த ஒரு சாவுக்கு யார் பொறுப்பு? இது ஒருத்தன் உயிர் இல்லையா? நேரே ஸ்டீபனிடமே போய்க் கேட்டுவிடுகிறார்.

தலை நிமிர்ந்தேன். ரயில் நிலையத்துக்கு மேலேயே சிவப்புக் கல்லில் கோட்டை நின்றுகொண்டிருந்தது. நேராகப் பார்த்தால் மங்கல். கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தேன். தெரிந்தது.

* * *

ஷ்ரூஸ்பரியைச் செவர்ன் நதி லாடம் மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. லாடத்தின் வாய்ப்பக்கம் கோட்டை. இங்கிலாந்துப் பக்கம் போக ஒரு பாலம், அதன் பெயர் இங்கிலீஷ் பிரிட்ஜ். வேல்ஸ் பக்கம் போக ஒரு பாலம், அதன் பெயர் வெல்ஷ் பிரிட்ஜ். பெயர் வைக்க அதிகம் மெனக்கெடவில்லை. ஊருக்குள் மரச்சட்டமும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், முன்னால் சாய்ந்தபடி ஒன்றோடொன்று ரகசியம் பேசுகிற மாதிரி நிற்கின்றன. சார்லஸ் டார்வின் 1809-ல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் படித்த பழைய பள்ளிக் கட்டடம் இப்போது நூலகம். வாசலில் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். நூலகத்துக்குள் நான் போகவில்லை. இப்போதெல்லாம் போவதில்லை.

வைல் காப் என்ற இறக்கமான தெருவில் இறங்கி, இங்கிலீஷ் பிரிட்ஜைத் தாண்டினால் மடம். 1083-ல் ரோஜர் டி மாண்ட்கோமரி என்ற பிரபு நிறுவியது. 1540-ல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்துவிட்டார். கோவிலின் ஒரு பகுதி ஊர்க் கோவிலாகத் தப்பித்தது. உள்ளே தடித் தடியான நார்மன் தூண்கள். மூலிகைத் தோட்டம்? அதை அம்மையார்தான் தேட வேண்டும். டெலிவிஷன் தொடராக வந்தபோதுகூட இங்கே எடுக்கவில்லையாம். ஹங்கேரியில் செட் போட்டு எடுத்தார்கள். ஆனாலும் அம்மையாரின் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவர் புனித ஆசீர்வாதப்பர். இங்கிலீஷில் பெனடிக்ட். இந்தத் துறவிகளின் சபைக்கு விதிமுறை எழுதியவர்.

சுவரில் ஒரு பலகை. முதல் உலக யுத்தத்தில் செத்துப்போன உள்ளூர்க்காரர்களின் பெயர்கள். எனக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்தது. என் மனைவிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கேட்காமலே படிக்க ஆரம்பித்தாள். ஒரு பெயரையும் விடாமல் எழுத்து எழுத்தாக. "ஓ, டபிள்யூ, ஈ, என்..." என்று அவள் கூட்டியபோது நான் நிறுத்தினேன். வில்ஃப்ரெட் ஓவன். போர்க்களக் கவிதைகள் எழுதியவர். 1918 நவம்பர் 4-ம் தேதி, இருபத்தைந்து வயசில் செத்தார். ஒரு வாரத்தில் யுத்தம் முடிந்தது. நவம்பர் 11-ம் தேதி ஊரெல்லாம் வெற்றி மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, இதே ஷ்ரூஸ்பரியில் இருந்த அவருடைய அப்பா அம்மாவுக்குத் தந்தி வந்தது.

லட்சக்கணக்கில் செத்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு வந்தது ஒரே ஒரு தந்தி.

"மேலே படிக்கட்டுமா?" என்றாள்.

"படி" என்றேன்.

* * *

மழை கொஞ்சம் விட்டிருந்தது. கோவிலுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் கார் நிறுத்துமிடம். "அங்கே என்னங்க, கல்லுல கூண்டு மாதிரி தனியா நிக்குது?" என்றாள்.

அருகில் போனோம். புல்தரையில் தன்னந்தனியாக ஒரு கல் மேடை. ஆள் ஏறி நின்று பேசுகிற மாதிரி. சுற்றிலும் கட்டடம் எதுவும் இல்லை. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மறந்து விட்டுப்போன மணமேடை மாதிரி.

அது மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசிப்பு மேடை. மடம் போனது, கூடம் போனது. 1830-களில் லண்டனிலிருந்து ஹோலிஹெட் துறைமுகத்துக்குப் போகும் சாலையை மடத்தின் நடுவயிற்றிலேயே வெட்டிக்கொண்டு போனார்கள். மேடை மட்டும் மிஞ்சிவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் எதற்கு மேடை? அங்கேதான் விஷயம். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய விதிமுறையின் 38-வது அத்தியாயம் முழுக்க இதுதான். சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். ரொட்டி வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் சைகை. (மீன் வேண்டுமா? சில மடங்களில் கையை மீன் வால் மாதிரி ஆட்டுவார்களாம்.) வாசிப்பவருக்கு ஒரு வாரம் முறை, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். எழுத்து தெரிந்த எல்லாரும் மேடை ஏறிவிட முடியாது. கேட்பவர் மனதில் பதியும்படி வாசிக்கத் தெரிந்தவருக்கே இடம். பசியில் குரல் கம்மிவிடக் கூடாது என்று அவருக்கு மட்டும் முன்னாடியே கொஞ்சம் திராட்சை ரசம். சாப்பாடு, எல்லாரும் முடித்த பிறகு சமையல்கட்டு ஆட்களோடு.

42-வது அத்தியாயத்தில் இன்னொரு கண்டிப்பு. ராத்திரி படுக்கப் போகும் முன் பைபிளின் சில பகுதிகளை, ராஜாக்கள் சரித்திரம் உட்பட, வாசிக்க வேண்டாம். பலவீனமான மனசுகளுக்கு அந்த நேரத்தில் ஆகாது! படுக்கையில் கொலைக் கதை கேட்கும் எங்களைப் பார்த்தால் என்ன சொல்வாரோ!

ஆக, காதால் கேட்பதுதான் அங்கே படிப்பு. படித்த துறவிகளே தினமும் அப்படித்தான் படித்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய ஒலிப்புத்தகத்தின் நேர் மூதாதை பிரிட்டனில் வந்தது 1935-ல். யுத்தத்தில் கண் போன சிப்பாய்களையும் மனதில் வைத்து, பார்வையற்றோருக்காக இசைத்தட்டில் புத்தகம் பதிந்தார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு 25 நிமிஷம். முதலில் வந்தவற்றில் ஒன்று ஜோசஃப் கான்ராட் எழுதிய 'டைஃபூன்'. இன்னொன்று என்ன தெரியுமா? அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. கொலைக் கதை!

* * *

மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரா வாரம் பத்திரிகை வந்ததும் தொடர்கதையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயசு. தெருவில் பையன்கள் கிட்டிப்புள்ளோடு காத்திருப்பார்கள். என்ன செய்வேன்? வர்ணனையை எல்லாம் தாண்டிவிடுவேன். கதாநாயகி அழுதால் ஒரு வரி. வில்லன் வந்தால் மட்டும் முழுசாக. பாட்டி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். "ஏண்டா, இந்த வாரம் சீக்கிரம் முடிஞ்சிருச்சு? எதையோ விட்டுட்டே நீ" என்பாள். எழுத்து தெரியாதவள் எப்படித்தான் கண்டுபிடித்தாளோ! "அந்த இடத்தை மறுபடி படி" என்றால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு தொடரின் கடைசி அத்தியாயம் வந்தது. ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "அவன் செத்துட்டான் பாட்டி, கதை முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது பாட்டி திண்ணையில் இருந்தாள். "முடிவு என்னன்னு நான் கேக்கலைடா. அவன் எப்படிச் செத்தான், அவ என்ன சொன்னா, அதைத்தானே கேக்க உக்காந்திருந்தேன்" என்றாள். நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். அந்தப் பத்திரிகை கடைக்குப் பழைய பேப்பராகப் போயிற்று. பாட்டியும் ஒரு நாள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது என் கையில் இருக்கும் கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் பதினைந்து விநாடி பின்னால் போய், அதே குரல், அதே பொறுமையோடு, எரிச்சலே இல்லாமல் மறுபடி வாசிக்கும். ரயிலில் எத்தனை தடவை அமுக்கினேன் என்று எனக்கே கணக்கில்லை. பாட்டிக்கு அந்தப் பொத்தான் நான்தான். வேலை செய்யாத பொத்தான்.

போதாததற்கு இன்று காலையிலும் அதையே செய்திருக்கிறேன். 'ஒரு சாமியார். ஒரு கொலை. அவ்வளவுதான்.'

பாலத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு குமிழைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு அந்த இங்கிலீஷ் ஓட்டமெல்லாம் புரியாதுங்க" என்றாள்.

"நீ குரலைக் கேளு. கொஞ்சம் ஓடினதும் நிறுத்திட்டு நான் தமிழ்ல சொல்றேன். முதல்லேருந்து."

"முதல்லேருந்தா? நீங்க பாதிக்கு மேலே கேட்டாச்சே? கொலைகாரன் யாருன்னு தெரிய வேணாமா?"

"அவன் எங்கேயும் ஓடிட மாட்டான்."

ஆரம்பித்தோம். தோட்டத்தில் காட்ஃபெல் நிற்கிறார். ஊருக்கு வெளியே அரசனின் படை. நிறுத்தினேன். சொன்னேன். மறுபடி ஓடவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் காது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கவலைப்படவில்லை. மடாதிபதி வந்தார், உடல்கள் வந்தன, எண்ணிக்கை வந்தது.

"தொண்ணூத்தஞ்சு!" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "அட கடவுளே! அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருக்கும்? யாரு பெத்த புள்ளையோ! அதைச் சொன்னாங்களா? நீங்க எதையோ விட்டுட்டீங்க."

பதினைந்து விநாடி பின்னால் போகும் பொத்தானை அமுக்கினேன்.